தரைக்கடி லூப் ஹீட் பம்ப்: நேர்ல பார்த்த கோளாறுகளைச் சொல்லுங்க

வடகாற்று
கனடா ஒன்டாரியோல ஒரு வீடு, மண்ணுக்கடியில புதைச்ச குழாய்ல (லூப்) தண்ணியைச் சுத்த விட்டு சூடு எடுக்கிற மூணு டன் மெஷின். குளிர் ஏறினதும் லோ பிரஷர் லாக்அவுட், அதாவது கேஸ் அழுத்தம் இறங்கி மெஷின் தானா நின்னுடுது. கேஸ் கம்மின்னு ஆளாளுக்கு கம்ப்ரஸரையே நோண்டுறாங்க. பம்ப்கிட்ட காதை வச்சா உள்ள கூழாங்கல் உருளுற சத்தம்! லூப்ல காற்று. வீட்டுப் பம்ப் அதைத் தள்ளாது. பர்ஜ் பம்ப் (காற்றை வெளியேத்துற, தொட்டியோட வர்ற பெரிய பம்ப்) மாட்டி, குழாய்ல நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வர வைக்கணும். நுரை நின்னதும் ரிட்டர்ன் வால்வை மூடுங்க. பர்ஜ் தொட்டி மட்டம் ஒன்றரை இஞ்சுக்குள்ள இறங்கினா அது குழாய் விரியறது. அதுக்கு மேல இறங்கினா காற்று இன்னும் உள்ளேதான்.

மண்வாசி
சத்தத்தை வச்சு மட்டும் முடிவு கட்டாதீங்க வடகாற்று. மெஷினுக்கு உள்ளே போற, வெளியே வர்ற தண்ணிச் சூட்டை அளந்தாங்களா? ஹீட்டிங்ல 3–4 டிகிரி வித்தியாசம் சரி. 6, 7ன்னா ஓட்டம் பத்தலை. டன்னுக்கு நிமிஷம் 11 லிட்டர் வேணும். லூப் தண்ணி உறையாம இருக்கக் கலக்குற கிளைகாலையும் ரெஃப்ராக்டோமீட்டர்ல (கலவை எத்தனை சதம்னு காட்டுற கருவி) ஒரு துளி விட்டுப் பாருங்க. 25 சதம் புரோப்பிலீன் கிளைகால் மைனஸ் 10 வரைக்கும் தாங்கும். டாப்-அப்னு வெறும் தண்ணி ஊத்தியிருந்தா மெஷினுக்குள்ள சூட்டை மாத்துற எக்ஸ்சேஞ்சர் உறைஞ்சு கிழியும்.

ஆழ்துளை
ரெண்டு பேருமே மெஷின் ரூமை விட்டு வெளியே வரலை. லூப் குழாய் இறக்குற போர்வெல்தான் உயிர். ஜெர்மனில ஸ்டாஃபன் ஊர்ல 2007ல டவுன் ஹாலுக்கு 140 மீட்டர்ல ஏழு போர் போட்டாங்க. கீழே அழுத்தத்துல இருந்த நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் பாறைக்குள்ள ஏறிடுச்சு. அந்தப் பாறை தண்ணி பட்டா ஜிப்சமா மாறி ஊதும். தரையே எழும்பி 200க்கும் மேற்பட்ட கட்டடங்கள்ல விரிசல். அதனால, பாறை அறிக்கை கையில வராம ரிக்கை இறக்க விடாதீங்க. குழாயைச் சுத்திப் போரை அடைக்கிற பென்டோனைட் கிரௌட்டை (களிமண் கலவை) மேலேயிருந்து ஊத்தினா நடுவுல பாலம் மாதிரி அடைச்சுக்கிட்டு, கீழே வெற்றிடம் நிக்கும். ட்ரெமி பைப்பை (கிரௌட் இறக்குற நீளக் குழாய்) அடி வரைக்கும் இறக்கி, கீழேயிருந்து மேலே பம்ப் பண்ணணும். கெட்டியான கிரௌட் போர் வாய்க்கு வர்ற வரை நிறுத்தக் கூடாது. கிரௌட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, டிரென்ச் மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை லூப் குழாய்க்கு பிரஷர் டெஸ்ட். மண்ணுக்கடியில திருகு ஜாயின்ட் வேண்டவே வேண்டாம், குழாயை உருக்கி ஒட்டுற ஃபியூஷன் வெல்டிங் மட்டும்.

கடலோரம்
இதைப் படிச்சிட்டு சென்னைல போட நினைக்கிறவங்களுக்கு: ஆழத்துல மண்ணோட சூடு ஊரோட வருஷ சராசரியை ஒட்டித்தான் இருக்கும். டொராண்டோ பக்கம் 10, சென்னைல 28க்கு மேல. அங்கே குளிர்காலத்துல எடுத்த சூட்டைக் கோடையில திருப்பிக் குடுக்கிறாங்க. இங்கே வருஷம் பூரா ஏசிதான், சூட்டை மண்ணுக்குள்ள கொட்டுறது மட்டும்தான். லூப் தண்ணி வருஷத்துக்கு வருஷம் சூடேறும். லூப் நீளத்தைக் கூட்டணும், இல்லாட்டி ஒரு பங்கைக் கூலிங் டவருக்குத் திருப்பணும்.