எலுமிச்சை நுனியிலேர்ந்து காயுது, வயசாயிடுச்சா?

கேள்வி:
மேல் கிளையெல்லாம் ஒவ்வொண்ணா காஞ்சுக்கிட்டே வருது, காயும் சிறுத்துப் போச்சு, அடிமரத்துல பட்டை வெடிச்சு பிசின் வடியுது. ஆயுசு முடிஞ்சுதா? வெட்ட மனசே வரல.

பதில்:
உடனே வயசுன்னு முடிவு பண்ணாதீங்க. பப்பாளிதான் 3, 4 வருஷத்துல காய்ப்பு கொறஞ்சுடும், பீச் 15-20 வருஷம், மா 100 தாண்டியும் காய்க்கும், எலுமிச்சையும் நல்லா பார்த்துக்கிட்டா 50 வருஷம் கூட நிக்கும். பிசின் வடியறது பெரும்பாலும் பைட்டோப்தோரா, அடில மண்ணேறி ஈரம் நின்னா வர்ற நோய். ஒட்டு போட்ட இடம் வெளிய தெரியுற வரைக்கும் மண்ணை விலக்கிடுங்க, தண்ணிய தண்டுல படாம தள்ளி விடுங்க.

பதில்:
ஆமாங்க. காஞ்ச கிளைய நகத்தால சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சைன்னா உயிர் இருக்கு, பழுப்புன்னா பச்சை வர்ற வரைக்கும் வெட்டிடுங்க. அலங்கார மரங்களும் பாதி வயசுலயே போறதுக்கு ஒரு காரணம் சுத்தி சிமென்ட் போட்டு வேரை மூச்சு முட்ட வெக்கறது, பார்த்தாலே வயிறு எரியுது.

கேட்டவர்:
விலக்கிப் பார்த்தேன், ஒட்டு உள்ள புதைஞ்சிருக்கு, பட்டை ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கு.

பதில்:
ஒரு பக்கம்தானே, பொழைக்க வாய்ப்பிருக்கு. முழுச் சுத்தும் கறுத்தாதான் இலைலேர்ந்து வேருக்கு சாப்பாடு இறங்காது. இப்போதைக்கு உரம் எதுவும் வைக்காதீங்க.