கண்ணில் படாத உழைப்பை எப்படி அங்கீகரிப்பது?

கேள்வி:
ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பாளர். எங்கள் அறிக்கைகளைச் சரிபார்த்துவந்த மூத்த ஊழியர் ஒருவர் சென்ற மாதம் பணியிலிருந்து விலகினார். ஆறு ஆண்டுகளில் எந்தக் கூட்டத்திலும் அவர் பெயரை நான் எடுத்துச் சொன்னதில்லை. அவர் போன பிறகு பிழைகள் வாடிக்கையாளர் வரை செல்லத் தொடங்கியபோதுதான், இத்தனை காலமும் அவற்றைத் தடுத்துவந்தவர் அவரே என்பது புரிந்தது. இது என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. மீதமுள்ள எட்டுப் பேரில் அவரைப் போன்றவர்களை எப்படி அடையாளம் காண்பது? மாதந்தோறும் வழங்கும் சிறந்த ஊழியர் விருது, விற்பனையில் முன்னிற்கும் இருவருக்கே மாறி மாறிப் போகிறது.

பதில் 1:
நடந்துவிட்ட ஒன்றை எண்ணிக் காட்டலாம். நடக்காமல் தடுத்ததை எண்ணிக் காட்ட முடியாது என்பதால்தான் இத்தகையவர்கள் விடுபடுகிறார்கள். ஒவ்வொரு பணி முடிந்ததும், அதை முடிக்க யாருடைய உதவி தேவைப்பட்டது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். விருதுப் பட்டியலில் ஒருமுறைகூட இடம்பெறாத ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

பதில் 2:
நானும் அப்படிப்பட்ட வேலையைச் செய்பவள். எல்லோர் முன்னிலையிலும் கைதட்டுவது எனக்குக் கூச்சத்தையே தருகிறது. "நன்றாகச் செய்தீர்கள்" என்ற பொதுவான சொல்லைவிட, எந்தப் பிழையைக் கண்டுபிடித்தேன், அதனால் என்ன இழப்பு தவிர்ந்தது என்று என் மேலாளர் ஆண்டு மதிப்பீட்டில் எழுதிய மூன்று வரிகள்தான் என் ஊதிய உயர்வுக்கும் உதவின, மனத்துக்கும் நிறைவளித்தன.

பதில் 3:
எழுத்தில் பெயர் இடம்பெறுவது சிறிய விஷயமன்று. நாசாவில் விண்கலப் பாதைகளைக் கணக்கிட்ட கேத்தரின் ஜான்சன், 1960-இல் ஓர் ஆய்வறிக்கையின் இணை ஆசிரியராகக் குறிப்பிடப்பட்டார். அவருடைய பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் அவ்வாறு இடம்பெற்றது அதுவே முதல்முறை. 1962-இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், கணினி தந்த எண்களை ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கிளென் கேட்டுக்கொண்டார். ஆனால் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் ஜான்சனை வந்தடைந்தது 2015-இல், அவருடைய 97-ஆம் வயதில்! உங்கள் அறிக்கைகளில் "சரிபார்த்தவர்" என்று ஒரு வரியை இன்றே சேருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். விலகியவருக்கு நாங்கள் கொடுத்த அனுபவச் சான்றிதழை இன்று எடுத்துப் பார்த்தேன். பதவியும் பணிக்காலமும் தவிர அதில் ஒன்றுமே இல்லை. அவர் செய்தவற்றை விவரமாகக் குறிப்பிட்டுப் புதிய சான்றிதழ் எழுதி, மனிதவளப் பிரிவின் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறேன்.