ஸ்பிரிங் மில் பூங்கா: முட்டி வலிக்கிற அம்மாவோடு ஒரு நாள் போதுமா?

கேள்வி (ராக்கெட்_அப்பா):
அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அமெரிக்காவில் இண்டியானாவின் ஸ்பிரிங் மில் மாநிலப் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் வருகிறார். முட்டி வலி, நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவார். பையனுக்கு ஆறு வயசு, எந்நேரமும் ராக்கெட் பேச்சுதான். குகைப் படகு, பழைய கிராமம், விண்வெளி வீரர் கிரிஸ்ஸம் நினைவகம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எதை விடலாம்?

பதில் (நடைப்பித்தன்):
முடியும், ஆனால் படகிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் தடவை நாங்கள் கிராமத்தைச் சாவகாசமாகச் சுற்றிவிட்டு மதியம் படகு விடும் ட்வின் கேவ்ஸ் குகைக்குப் போனோம். அன்றைய டிக்கெட் எல்லாம் தீர்ந்திருந்தது. என் பெண் கார் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அடுத்த தடவை காலையிலேயே போய் நின்றோம். படகு குகைக்குள் 500 அடி போல உள்ளே போகும், சுமார் 20 நிமிடம். தண்ணீரில் கண்ணில்லாத வெள்ளை மீன் தெரிகிறதா என்று பாருங்கள். நாங்கள் ஒன்றே ஒன்று பார்த்தோம், விரல் நீளம்கூட இல்லை, ஆனால் இன்றைக்கும் வீட்டில் அதுதான் பேச்சு.

ஒரு சிக்கல்: குகைக் கூரை இடிந்து விழுந்த பள்ளத்தில்தான் படகு ஏற வேண்டும். அம்மாவுக்கு அது கஷ்டம், மேலேயே உட்காரட்டும். அவருக்கான இடம் பழைய கிராமத்தின் மாவு ஆலை. 1817இல் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய மூன்று மாடி. ஹேமர் குகைத் தண்ணீரை உயரமான மரக் கால்வாயில் கொண்டுவந்து சக்கரத்தின் தலையில் கொட்டுகிறார்கள், உள்ளே கல் சுற்றிச் சோளம் அரைபடுகிறது. என் மாமியார் மாவைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நைசா அரைக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்! ரயில் பாதை இந்த ஊரை விட்டு பக்கத்து ஊரான மிட்செல் பக்கம் போனதால்தான் இது ஆளில்லாத கிராமமாகிவிட்டது.

டொனால்ட்சன் காட்டுக்குப் போகும் மூன்றாம் நடைபாதையை விட்டுவிடுங்கள். அரிய பழங்காடுதான், ஆனால் இரண்டரை மைல். வேறு குகைக்குப் போட்ட செருப்பு, துணியோடு இங்கே வராதீர்கள், வௌவால்களைக் கொல்லும் நோய் அவற்றுக்குப் பரவும்.

பதில் (வானம்பாடி77):
நினைவகம் பூங்கா வாசலிலேயே இருக்கிறது, திரும்பும்போது பார்க்கலாம். கஸ் கிரிஸ்ஸம் பிறந்தது பக்கத்து மிட்செலில்தான். விண்வெளிக்குப் போன இரண்டாவது மனிதர் அவர்தானே, பையன் துள்ளுவான்.

பதில் (நடைப்பித்தன்):
இரண்டாவது அமெரிக்கர். மனிதர் கணக்கில் ரஷ்யர் ககாரின், அமெரிக்கர் ஷெப்பர்ட், அப்புறம்தான் இவர். 1961இல் இவர் போன கலம் கடலில் மூழ்கிவிட்டது. இங்கே இருப்பது 1965இல் இன்னொரு வீரர் ஜான் யங்கோடு போன ஜெமினி 3 கலம். முதல் கலம் மூழ்கியதைக் கிண்டல் செய்து, டைட்டானிக்கில் பிழைத்த மாலி பிரவுன் பெயரையே இதற்கு வைத்தாராம்! இரண்டு பேர் அதற்குள் எப்படி உட்கார்ந்தார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. பதிலைச் சத்தமாகப் படித்தேன். "மூன்றாவது மனிதர்னு எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா" என்கிறான் பையன். அம்மாவின் கேள்வி வேறு: அந்த மாவை விலைக்குக் கொடுப்பார்களா?

பதில் (நடைப்பித்தன்):
கொடுப்பார்கள். சின்னப் பையாக வாங்குங்கள், நைசா இருக்காது.