‘அஃறிணை மொழி’ வேண்டாம், ‘பிறவுயிர்ப் புனைமொழி’ எனலாம்

அன்பர்களுக்கு வணக்கம்.

கற்பனை உலகங்களில் மனிதரல்லாத இனங்கள் பேசும் மொழியை என்னவென்று அழைப்பது என்ற கேள்விக்கு நம் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: செயற்கை மொழி, கற்பனை மொழி, அஃறிணை மொழி. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதல் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘செயற்கை’ என்றால் இன்று படிப்பவர் மனத்தில் முதலில் வருவது இயந்திரம். தவிர, 1887-இல் சாமன்ஹாப் வெளியிட்ட எஸ்பெராண்டோவையும் அந்தச் சொல்லாலேயே குறிக்கிறோம். அது மனிதர் மனிதரோடு பேசுவதற்காக ஆக்கிய மொழி, கதைக்காகப் பிறந்தது அல்ல. ‘கற்பனை மொழி’ என்பது இல்லாத மொழி என்று பொருள்பட்டுவிடும். ‘ஸ்டார் ட்ரெக்’ கதைகளில் வரும் கிளிங்கான் என்ற வேற்றுலக இனத்தாரின் மொழிக்கு, அதை ஆக்கிய மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் 1985-இல் அகராதியே வெளியிட்டார். அதில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசும் இனம்தான் கற்பனை, மொழி மெய்யாகவே இருக்கிறது.

மூன்றாவது சொல், நம் குழுவின் மூத்தவர் ஐயா முன்வைத்தது. தொல்காப்பியத்தில் வேர் கொண்ட சொல் என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே’ என்ற நூற்பாவை மட்டும் பார்த்தால் மக்கள் அல்லாத எல்லாமே அஃறிணைதான். ஆனால் ஐயா, அதே தொல்காப்பியர் மரபியலில் ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்கிறாரே! ஆறறிவு உள்ள வேறு பிறப்புகளும் உண்டு என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். நன்னூலார் இன்னும் தெளிவாக ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்று மூன்று பேரைச் சேர்க்கிறார். சிந்தித்து, வாக்குக் கொடுத்து, பாட்டுக் கட்டும் ஓர் இனத்தை ‘வந்தது, போனது’ என்று எழுத நம் இலக்கணமே நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. நாட்டுப்புறக் கதையில் நரி பேசத் தொடங்கியதும் பாட்டி அதை ‘நரியார்’ ஆக்கிவிடுவாள். அந்த வழக்குக்கும் ‘அஃறிணை மொழி’ ஒத்துவரவில்லை.

அந்த மரபியல் நூற்பாவில் உள்ள ‘பிற’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பிறவுயிர். ‘வேற்றுயிர்’ என்றும் யோசித்தேன். ‘வேற்று’ என்றதும் வேற்றாள், வேற்றூரான் என்ற விலக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘பிறவுயிர்’ என்பதில் அந்தப் பகை இல்லை.

இந்தச் சொல்லில் ‘உயிர்’ என்ற உறுப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வகை மொழிகளைப் புனையும்போது இலக்கணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது உடல். தொல்காப்பியத்தின் பிறப்பியலில், எழுத்தொலி பிறக்கத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று இல்லாத இனம் எப்படிப் பேசும்?

சில நாள்களுக்கு முன் எங்கள் தெருப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தேன். அலகு உண்டு, உதடு கிடையாது, அப்படி ஓர் இனம். ஆளுக்கொரு விரலை உதடுகளுக்கு நடுவே குறுக்காக வைத்துக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லச் சொன்னேன். ‘அங்ஙா’ என்று வந்தது. ‘அப்போ அவங்க அம்மாவ எப்படிக் கூப்பிடுவாங்க?’ என்று ஒரு சிறுமி கவலைப்பட்டாள். சற்று நேரம் கழித்து அவளே விரலை எடுக்காமல் ‘ஆத்தா!’ என்று கத்தினாள். உதடு ஒட்டவே இல்லை. அப்பாவுக்கு ‘ஐயா’ கிடைத்தது. பிறகு ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்’ என்ற குறளைச் சொல்ல வைத்தேன். உதடு ஒட்டாமலே முழுக்குறளும் வந்தது.

உதடு ஒட்டாமல் பாடும் இந்த வகைக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: இதழகல், நிரோட்டகம். சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன்மேல் ஓர் அந்தாதியையே இப்படிப் பாடியிருக்கிறார். அலகினத்தாரின் மொழிவகைக்கு ‘இதழகல் மொழி’ என்ற பெயர் கேட்காமலே கிடைத்த சொத்து.

இங்கே ஒரு தடையை நானே சொல்லிவிட வேண்டும். கிளிக்கு உதடு இல்லை, ஆனாலும் ‘அம்மா’ என்கிறது. பறவைக்கு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் தனி ஒலியுறுப்பு உண்டு. பாடும் பறவைகள் சில அதன் இரு பக்கங்களிலும் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்பும். அப்படியானால் தொல்காப்பியரின் எட்டோடு ஒன்பதாவதாக ஓரிடம் சேர்கிறது. எழுத்ததிகாரத்தைப் புதிதாக எழுதிப் பார்க்கும் அந்த வேலை எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

உடல் எண்ணையும் மாற்றும். ‘அவதார்’ படத்தில் வரும் நாவி என்ற வேற்றுலக மக்களுக்குப் பால் ஃப்ராமர் ஆக்கிய மொழியில் கைக்கு நான்கு விரல் என்பதால் எண்கள் எட்டெட்டாக ஏறுகின்றன. டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் வரும் மரமாந்தர், நீண்ட ஆயுளும் நிதானமும் கொண்டவர்கள். அவர்கள் மொழியில் ஒரு பொருளின் பெயர் அதன் வரலாற்றோடு சேர்ந்து நீண்டுகொண்டே போகும்.

தமிழில் புனைகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிளிங்கானில் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்பதே வரிசை. ஆங்கிலக் காதுக்கு அந்நியமாக ஒலிக்க அது உதவியது. நமக்கோ ‘உன்னைப் பார்த்தேன் நான்’ என்பது அன்றாடப் பேச்சு. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் வாசகர் காதில் எந்த அந்நியமும் விழாது.

இனி ‘புனைமொழி’. புனைகதை, புனைபெயர் இருப்பதால் பொருள் உடனே விளங்கும். வினைத்தொகை என்பதால் புனைந்த, புனைகின்ற, புனையும் மொழி எல்லாம் அடங்கும். அலங்காரப் பேச்சு என்று மயங்கலாமே என்று குழுவில் கேட்டிருந்தார்கள். அந்தப் பொருளுக்கு ‘புனைந்துரை’ தனியே இருக்கிறது. அதனால் மயக்கம் வராது என்று நம்புகிறேன்.

ஆகவே: எஸ்பெராண்டோ முதல் கிளிங்கான் வரை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆக்கமொழி. அதனுள் கதைக்காக ஆக்கியவை புனைமொழி. 2015-இல் பாகுபலியின் காலகேயருக்கு மதன் கார்க்கி ஆக்கிய கிளிக்கி இதில் வரும், காலகேயர் மனிதர்தானே. மனிதரல்லாதார் பேசுபவை பிறவுயிர்ப் புனைமொழி. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். கட்டுரையில் முதலில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்து ‘புனைமொழி’ என்றே எழுதலாம்.

மூத்தவர் ஐயாவின் கருத்தை எதிர்பார்க்கிறேன். பறவையின் அந்த ஒன்பதாவது ஒலியிடத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ‘கவர்மிடறு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இரண்டாகக் கவர்விடும் இடத்தில் இருப்பதால். பொருந்துமா, பாருங்கள்.