ஜோ காக்கரின் கவர் பாட்டுகள்: மேடையில் எடுக்கும்போது எங்கே சறுக்குகிறது?

நாலுகட்டை:

இங்கிலாந்துப் பாடகர் ஜோ காக்கர் பாடிய கவர் பாட்டுகளை (பிறர் பாட்டைத் தன் பாணியில் மறுபடி பாடியவை) மட்டும் வைத்து 40 நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்குப் பயிற்சி நடக்கிறது. ஒரு கிட்டார், பேஸ், கீபோர்ட், டிரம்ஸ், கோரஸுக்கு இரண்டு பெண் குரல்கள், ஆண் பாடகர் ஒருவர். சாக்ஸ், டிரம்பெட் கிடையாது. அறுபதுகளில் தொடங்கி தொண்ணூறுகள் வரை பத்தாண்டுக்கு ஒன்றிரண்டு பாட்டாவது வரவேண்டும்.

மூன்று இடத்தில் தட்டுகிறது. 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' நன்றாகத் தொடங்கி, இரண்டாவது சரணம் வருவதற்குள் வேகம் ஏறிவிடுகிறது. 'ஃபீலின் ஆல்ரைட்' எடுத்தால் இரண்டு நிமிடத்தில் சலித்துப் போகிறது. இந்த இரண்டையும் பாடி முடிப்பதற்குள் பாடகருக்குத் தொண்டை கம்மிவிடுகிறது. பாட்டு வரிசைக்கும் யோசனை வேண்டும். 'அப் வேர் வீ பிலாங்' சேர்க்கலாமா?

தகிட:

முதல் பாட்டை முதலில் பார்த்துவிடலாம். மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது.

1967-இல் பீட்டில்ஸ் பதிவில் ரிங்கோ ஸ்டார் பாடியது நாலு எண்ணிக்கை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 112 அடி. ரிங்கோவின் குரலுக்கென்று போட்ட மெட்டு, அதனால் கடைசி உச்ச சுரத்தை விட்டால் பெரும்பகுதி ஐந்து சுரத்துக்குள்ளேயே சுற்றி வரும். காக்கருக்கு இடம் கொடுத்தது அந்தக் குறுகலான மெட்டுதான். 1968-இல் அவர் பதிவு செய்தபோது மாறியது தாளம்: தகதிமி போய் தகிட தகிட வந்தது, வேகமும் இறங்கியது. மெட்டின் எலும்பு அப்படியே இருக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே திறந்த இடைவெளியில்தான் அவர் இழுப்பதும் உறுமுவதும் நடக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது.

உங்களுக்கு வேகம் ஏறுவதும் அந்த இடைவெளியால்தான். மெதுவான சிக்ஸ் எய்ட்டில் (ஆறு எண்ணிக்கைத் தாளம்) ஸ்னேர் டிரம் நாலாவது எண்ணிக்கையில் மட்டும் விழும். ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பொறுக்க முடியாமல் கை முந்திக்கொள்கிறது. மெட்ரனோமை (கிளிக் ஒலியால் வேகம் காட்டும் கருவி) அடிக்கு ஒன்று என்று வைக்காதீர்கள். ஆறு எண்ணிக்கையும் தனித்தனியே கேட்கும்படி நிமிடத்துக்கு 140-இல் வைத்து, டிரம்மர் ஹை-ஹாட் தாளத்தட்டில் ஆறையும் மெல்லத் தொட்டுக்கொண்டே போகட்டும். அது கைக்கு வந்த பிறகு கிளிக்கை ஒன்றிலும் நாலிலும் மட்டும் விட்டு வாசியுங்கள். கடைசியாக ஒன்றில் மட்டும். இந்தக் கடைசிப் படியில் தடுமாறினால் இன்னும் மேடைக்கு எடுத்துப்போக வேண்டாம்.

ஃபில், அதாவது வரிகளுக்கு நடுவே டிரம்ஸ் போடும் நிரப்பல், இன்னொரு கண்ணி. நாலு நாலாக அடித்துப் பழகிய கை, நிறுத்தத்துக்குப் பிறகு தன்னையறியாமல் நாலாக அடிக்கும். கடைசி மூன்று எண்ணிக்கைக்குள் ஆறு அடி என்று வாயால் 'தகிட தகிட' சொல்லிவிட்டு அடித்தால் சரியான இடத்தில் இறங்கும். பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் புரோகோல் ஹாரம் குழுவின் பி. ஜே. வில்சன். ஒவ்வொரு ஃபில்லுக்குப் பிறகும் அவர் அடுத்த ஒன்றுக்காகக் காத்திருப்பதைக் கேளுங்கள். அந்தக் காத்திருப்பில்தான் பாட்டின் பாரம் முழுக்க இருக்கிறது.

பாடகருக்கு: ஒன்றாவது எண்ணிக்கையில் வரியை எடுக்கக்கூடாது. அடி விழுந்து, அதன் ஒலி கொஞ்சம் அடங்கியதும் எடுக்கவேண்டும். அடியோடு சேர்ந்து எடுத்தால் ரிங்கோவைப் பாதி வேகத்தில் ஓட்டியதுபோல் இருக்கும்.

கார்ட் பக்கம் ஒரு எச்சரிக்கை. பீட்டில்ஸ் பதிவு ஈ மேஜரில் இருக்கிறது, பல்லவி டி, ஏ, ஈ என்று வரும். அந்த டி ஸ்கேலுக்கு வெளியே உள்ள கார்ட். எந்த ஸ்கேலுக்கு மாற்றினாலும் இதே உறவை வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்ட்காரர் பழக்கத்தில் அங்கே ஸ்கேலின் ஏழாவது சுரத்தைத் தொட்டால் கிட்டாரோடு உரசும்.

ஆர்கன்_பிரியன்:

அதே பாட்டின் தொடக்கத்தைச் சேர்த்துவிடுகிறேன். டாமி அயரின் ஆர்கன் தனியாகத் தவழ்ந்து வரும், அதன் மேல் ஜிம்மி பேஜின் கிட்டாரும் டிரம்ஸும் மொத்தமாக வந்து விழும். அந்த விழுகைக்கு முன் ஆர்கன் எவ்வளவு அடங்கியிருக்கிறதோ அவ்வளவு பலன். உங்கள் கீபோர்டில் ரோட்டரி எஃபெக்ட் (சுழலும் ஸ்பீக்கர் தரும் அலைவு) இருக்கும். தொடக்கம் முழுக்க அது மெதுவான சுழற்சியிலேயே இருக்கட்டும். வேகச் சுழற்சிக்கு மாற்றும்போது, நிஜமான லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டிபோல அது ஏறிவர ஏறக்குறைய ஒரு நொடி எடுக்கும். உச்சம் வந்த பிறகு விசையைத் தட்டினால் பிந்திப் போகும், இரண்டு எண்ணிக்கை முன்பே தட்டுங்கள்.

கோரஸைக் குறைத்து எடைபோடாதீர்கள். இந்தப் பாட்டில் கோரஸ் கேள்வி கேட்கும், பாடகர் பதில் சொல்வார். பதிவில் பெண் குரல்கள். 1969 ஆகஸ்ட் 17 அன்று உட்ஸ்டாக் இசை விழாவில் பெண் கோரஸ் இல்லை, அவருடைய கிரீஸ் பேண்ட் குழுவின் ஆண்களே பெண்குரல்போல் உயர்த்திய கள்ளக் குரலில் கேட்டார்கள். ஆட்கள் யாராக இருந்தாலும் கேள்வி நிஜமாகக் கேட்கப்படவேண்டும். இரண்டு பெண்களும் பாடகரைப் பார்த்தபடி நிற்கட்டும். மைக்கில் கோரஸ் ஒலி பாடகருக்குச் சமமாக இருக்கட்டும்.

'ஃபீலின் ஆல்ரைட்' சலிப்பது இயல்பு. சி செவன், எஃப் செவன் என்று இரண்டே கார்ட். டேவ் மேசன் எழுதி டிராஃபிக் குழு 1968-இல் வெளியிட்ட மூலம் தளர்ந்த, சோர்ந்த பாட்டு. காக்கர் அடுத்த ஆண்டு எடுத்தபோது ஆர்டி பட்லரின் பியானோ அதைத் தலைகீழாக்கியது. அந்தப் பியானோ கார்டைப் பிடித்து நிற்காது, வெட்டி வெட்டி விடும், வெட்டிய ஓட்டையில் பேஸும் தாளக் கருவிகளும் புகுந்துகொள்ளும்.

ஆகவே கீபோர்டில் பியானோ ஒலி, சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலிலிருந்து காலை எடுத்துவிடவேண்டும். பெடல் மிதித்த நொடியே ஓட்டை அடைபட்டுவிடும், பாட்டு செத்தது. பியானோ வாசிக்கும் அதே தாளக்கட்டை பேஸ் வாசிக்கக்கூடாது. கிட்டார் முதல் சரணத்தில் வாசிக்கவே வேண்டாம். கோரஸ் பெண்களில் ஒருவர் கையில் ஷேக்கர் கொடுங்கள். இவ்வளவு செய்தும் நாலரை நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

பழைய_ஒலிநாடா:

'அப் வேர் வீ பிலாங்' கவர் அல்ல. 1982-இல் ஒரு ஹாலிவுட் படத்துக்கென்று எழுதப்பட்டு, ஜெனிஃபர் வார்ன்ஸுடன் அவர் முதன்முதலில் பாடியது. உங்கள் தலைப்புக்குப் பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

எடுக்கத் தகுந்தவை என்று எனக்குப் படுபவை:

'தி லெட்டர்', 1970. 1967-இல் பாக்ஸ் டாப்ஸ் பாடிய மூலம் இரண்டு நிமிடம்கூட ஓடாது. லியோன் ரஸ்ஸல் தலைமையிலான பெரும் கூட்டத்தோடு காக்கர் பாடியது அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை போனது. ஊதுகருவிகளை நம்பிய பாட்டு அது. உங்களிடம் இல்லாததால் கீபோர்டில் பிராஸ் ஒலி வைத்து, கிட்டார் அதே இசைத்துணுக்கை ஓர் ஆக்டேவ் கீழே வாசிக்கலாம். சுரத்தை நீட்டவேண்டாம். கீபோர்ட் பிராஸ் நீட்டினால் போலித்தனம் பல்லிளிக்கும், குறுக வெட்டினால் தாங்கும்.

'யூ ஆர் சோ பியூட்டிஃபுல்', 1974. பில்லி பிரெஸ்டன் அதே ஆண்டு பாடியதைவிட நிதானமாக, நிக்கி ஹாப்கின்ஸின் பியானோவோடு. மூன்று நிமிடம்கூட வராது.

'யூ கேன் லீவ் யுவர் ஹேட் ஆன்', 1986. ராண்டி நியூமன் 1972-இல் பியானோவில் முணுமுணுத்த பாட்டு. பலர் இதை டாம் ஜோன்ஸ் வழியாகத்தான் அறிவார்கள், அது 1997.

'அன்செயின் மை ஹார்ட்', 1987. பாபி ஷார்ப் எழுதி ரே சார்ல்ஸ் 1961-இல் பாடியது. காக்கர் வாழ்நாள் முழுக்க ஆசானாகப் போற்றிய குரல் ரே சார்ல்ஸ்தான். ஆசான் பாட்டைத் தொடும் துணிவு இதில் கேட்கிறது. இரண்டு பெண் குரலுக்கு நல்ல வேலை உண்டு.

'சம்மர் இன் தி சிட்டி', 1994. மூலம் லவிங் ஸ்பூன்ஃபுல், 1966.

தோற்ற பாட்டையும் கேட்டுப் பாருங்கள், அதுவும் பாடம். காக்கரின் முதல் இசைத்தட்டு 1964-இல் வந்தது, அதுவும் பீட்டில்ஸ் பாட்டுதான்: 'ஐ வில் க்ரை இன்ஸ்டெட்'. மூலத்தை ஒட்டியே போகிறது, விற்கவில்லை. நாலே ஆண்டு இடைவெளியில் அதே ஷெஃபீல்ட் ஆள், வேறொரு பீட்டில்ஸ் பாட்டு, முதலிடம். 2004-இல் 'ஹார்ட் அண்ட் சோல்' என்ற தொகுப்பில் யூ2-வின் 'ஒன்' பாடினார். அங்கேயும் மூலத்துக்கு அருகிலேயே நின்றுவிட்டார் என்பது என் கருத்து, அதனால் நிகழ்ச்சிக்குச் சொல்லவில்லை.

குரல்வளம்:

தொண்டை கம்முவதற்கு முக்கியக் காரணம், கரகரப்பை வரவழைக்க மூச்சை அழுத்தித் தள்ளுவது. கரகரப்புக்கு அதிகக் காற்று தேவையில்லை, குறைவாகத்தான் தேவை. முதல் வாரம் எல்லாப் பாட்டையும் தெளிந்த குரலில், முக்கால் சத்தத்தில் பாடட்டும். ஒவ்வொரு வரியும் சுகமாக வந்த பிறகு, வரிக்கு ஒரு சொல்லில் மட்டும் கரகரப்பு. அரிப்போ இருமலோ வந்தால் அந்த இடம் தவறு, அன்றைக்கு நிறுத்திவிடவேண்டும்.

காக்கரின் ஸ்கேலைப் பிடித்துத் தொங்காதீர்கள். பாடகர் வலியில்லாமல் தொடும் உச்ச சுரத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு முழுச் சுரம் கீழே பாட்டின் உச்சம் வரும்படி ஸ்கேலை இறக்குங்கள். 'வித் எ லிட்டில் ஹெல்ப்' பின்பகுதியில் வரும் அலறலைப் பயிற்சியில் நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், மற்ற நேரம் கையை உயர்த்திக் காட்டினால் குழுவுக்குப் போதும். அலறும்போது மைக்கை ஒரு சாண் விலக்கவேண்டும். மானிட்டரில் (பாடகரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) தன் குரல் கேட்காவிட்டால் எந்தப் பாடகரும் கத்தத்தான் செய்வார், அதையும் பாருங்கள்.

வரிசை: 'ஃபீலின் ஆல்ரைட்' முதலில், குரல் சூடாகும். மூன்றாவதாக 'யூ ஆர் சோ பியூட்டிஃபுல்', அதற்குப் பழுதில்லாத குரல் வேண்டும். உட்ஸ்டாக்கில்போலவே 'வித் எ லிட்டில் ஹெல்ப்' கடைசியில். அதற்குப் பிறகு எதுவும் வைக்கவேண்டாம்.

நாலுகட்டை:

மிக்க நன்றி. ஆறு எண்ணிக்கை கிளிக் இன்றே தொடங்குகிறோம். இன்னும் ஒன்று: 'யூ ஆர் சோ பியூட்டிஃபுல்' கடைசியில் அவர் குரல் உடைகிறதே, அதை எப்படிப் பாடுவது?

குரல்வளம்:

உடைப்பைப் பாடாதீர்கள். காக்கர் அங்கே மேல் சுரத்தை மெல்லிய குரலில் எட்டப் பார்க்கிறார், குரல் பாதியில் நின்றுபோகிறது, அதை அழிக்காமல் பதிவில் விட்டுவிட்டார்கள். உங்கள் பாடகரும் அதே சுரத்தைச் சத்தம் குறைத்து நேர்மையாக எட்டட்டும். முழுதாக வந்தால் வரட்டும். வராவிட்டால் மறுபடி முயலாமல் வாயை மூடிக்கொள்ளவேண்டும், கீபோர்ட்காரர் கடைசி கார்டை உடனே வைக்காமல் ஒரு மூச்சு விட்டுவிட்டு வைக்கவேண்டும். அந்த ஒரு மூச்சை இருவரும் சேர்ந்து பழகுங்கள்.