புதுப்பிப்பு: மாட்டுப் பொங்கல் கயிற்றுக்குச் சணப்பு நார், அடித்தண்டில் பட்டை உரியாத சிக்கல் தீர்ந்தது

நார் எடுக்கச் சணப்புச் செடியின் தண்டை நீரில் ஊறப்போட்டால் நுனியில் நார் அழுகுகிறது, அடியில் பட்டை உரிய மறுக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மாடு கட்டும் தாம்புக்கயிறுகள் தயாராகிவிட்டன.

கைகொடுத்தது, கட்டுகளை முதலில் நிமிர்த்தி, அடிப்பக்கம் மட்டும் ஒரு நாள் நீரில் நிற்கவிடச் சொன்ன அண்ணனின் யோசனைதான். அடித்தண்டு தடிமன், அதற்கு ஊறல் கூடுதலாக வேண்டும். பிறகுதான் முழுக்கட்டையும் படுக்கவைத்து அமிழ்த்த வேண்டும். பாரத்துக்குக் கல் வையுங்கள். சேற்றை அப்பினால் நார் கறுத்துவிடும். 4ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஒரு தண்டை உரித்துப் பாருங்கள். அடி முதல் நுனி வரை பட்டை நழுவி வந்தால் உடனே எடுத்து அலசிவிட வேண்டும், தாமதித்தால் நார் வலுவிழக்கும்.

எதிர்பாராத ஒன்று: மார்கழிக் குளிரில் ஊற அதிக நாள் பிடிக்கிறது. பொங்கலுக்கு வேண்டுமென்றால் மார்கழி பிறந்ததுமே தொடங்குவது நல்லது.

திரிக்கும்போது நாரை லேசாக நனைத்து, இரு புரிகளையும் (கயிற்றின் இழைகளையும்) வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்க்கையில் இடப்பக்கம் திரிக்க வேண்டும். புது நார் சேர்க்கும் இடம் இரு புரியிலும் ஒன்றாக விழுந்தால் கயிறு அங்கேதான் அறும். வீட்டில் இருவர் முறுக்க, ஒருவர் சேரும் இடத்தைப் பிடித்து நகர்த்தினால் முறுக்கு சீராக விழும். முடிந்ததும் ஈரத்தோடு இரு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி உலர்த்துங்கள்.

மூக்கணாங்கயிற்றுக்கு மட்டும் இது வேண்டாம். சொரசொரப்பு மூக்கைப் புண்ணாக்கும். பருத்தி நூலே நல்லது.