கத்தி எப்போ கைக்கு வந்துது? பெரியவங்க வேலையை உங்களை நம்பி எப்போ விட்டாங்கன்னு குமரி மாவட்டத்து மலையோரத்துக்காரங்களும் கடக்கரைக்காரங்களும் சொல்லுங்க

குலசேகரத்துக்காரன்:
எங்க வீட்டில ரப்பர் தோட்டம். சின்ன வயசில எனக்குத் தந்த வேலை வெட்டுன இடத்துல உறைஞ்சு ஒட்டிக்கிடக்கிற ஒட்டுப்பால் பறிக்கிறதும் பால் வடியுற சிரட்டை துடைக்கிறதும். அந்த நாத்தம் பள்ளிக்கூட உடுப்பில வரைக்கும் அடிக்கும். அப்புறம் பால் வாளி சுமந்தேன். மேட்டுல ரெண்டு கையிலயும் நிறை வாளியோட ஏறுற பெலம் வந்தாச்சு, மீசையும் வந்தாச்சு. அப்பவும் அப்பா பால் வெட்டுற கத்தியைத் தரல.

காரணம் பட்டையில இருக்கு. பால் ஓடுறது பட்டைக்குள்ள. பட்டையை மெல்லிசா சீவணும், உள்ள இருக்கிற மரத்தடியைத் தொடக்கூடாது. தொட்டா அந்த இடத்துல புதுப் பட்டை முண்டு முண்டாத்தான் வளரும். சில வருசம் கழிச்சு அதே இடத்துக்குத் திரும்ப வெட்டு வரும்போது கத்தி ஓடாது. "மிடுக்க வாளிகிட்ட காட்டு மக்களே, மரத்துகிட்ட வேண்டாம்"னு அப்பா சொல்லுவார்.

முறிக்கப்போற கிழட்டு மரத்துலதான் பழகவிட்டார். அதுல கெடுக்க என்ன இருக்கு! விடியுமுன்னே, தலையில லைட்டு, வயித்துல கட்டஞ்சாயா. வெயில் ஏறினா இலை வழியா தண்ணி போயி மரத்துக்குள்ள அழுத்தம் குறைஞ்சிடும், பால் ஓட்டமும் குறையும். அதனால சோம்பலுக்கு இடமே இல்ல.

ஏழு வருசம் வளர்த்த புதுத்தோட்டம் வெட்டுக்கு வந்தப்போ ஒரு வரிசையை என்கிட்ட விட்டார். அன்னைக்கு அவர் கூட வரல, வீட்டில கிடந்து உறங்கினார். விடியற நேரத்துல அப்பா உறங்கி நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. சுமை தூக்கினதுல உடம்புதான் இறுகிச்சு. என்னை மாத்துனது அந்த உறக்கம்னு தோணுது.

முட்டம் பக்கத்துக்காரன்:
எங்களுக்குக் கத்தி இல்ல அண்ணே, கரமடிக் கயிறு. வள்ளத்துல கொண்டுபோய் வளைச்சுப் போட்ட மடியை, அதாவது பெரிய வலையை, கரையில ரெண்டு பக்கமும் ஆள் நின்னு இழுக்கணும். பயலுக வந்த கயிறைச் சுருட்டுவாங்க. இழுக்கவிட்டாலும் அரைப்பங்குதான். முழுப்பங்கு தாறதை யாரும் சொல்லித் தரமாட்டாங்க. ஒருநாள் சாளை மீன் வித்த காசைப் பிரிக்கும்போது பெரியவங்களுக்குச் சமமா என் கையில விழுந்துது, அவ்வளவுதான். உள்ளங்கைத் தோல் உரிஞ்சதை மட்டும் அம்மா பாத்தா.

கருங்கல்காரி:
தம்பிமாரே, நான் முந்திரி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஃபேக்டரியில, அண்டி (முந்திரிக்கொட்டை) உடைச்சவ. தோட்டு எண்ணெய் பட்டா தோல் வெந்துபோவும். சாம்பலைத் தேய்ச்சுக்கிட்டுத்தான் உக்காருவோம், இருந்தாலும் விரல் கறுக்கும். எனக்கும் அப்போ உங்க வயசுதான். என் சம்பளத்துல அண்ணன் ஐடிஐ படிச்சான். "பொறுப்பான ஆம்பிளையா ஆயிட்டான்"னு ஊரே அவனைத்தான் மெச்சிச்சு. கோவமில்ல, ஆனா கணக்குன்னு வந்தா இதையும் எழுதணும்.

குலசேகரத்துக்காரன்:
சரிதான் அக்கா. எங்க வீட்டிலயும் பால் வெட்டினது நாங்க. ஆசிட் விட்டு உறைய வச்சு, மிதிச்சு, ரோலர் சுத்தி ஷீட் அடிச்சது அம்மா. அந்தக் கைப்பிடி லேசில சுத்தாது. கடையில காசு எண்ணி வாங்கினது மட்டும் அப்பா.